முதல் நிணநீர் மசாஜுக்குப் போறீங்களா? படுக்கையில் படுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வீக்கம் என்றாலே மசாஜ் இல்லை. எந்த வீக்கத்துக்கு இது மருந்து, எதற்கு ஆபத்து, முதல் நாள் என்ன எடுத்துப் போக வேண்டும், உள்ளே என்ன நடக்கும்? ஒரு வழிகாட்டி.

இன்ஸ்டாகிராமில் 'லிம்ஃபாட்டிக் டிரைனேஜ்' என்று தேடிப் பாருங்கள். ஒரே வாரத்தில் முகம் ஒட்டிப்போனதாகச் சொல்லும் ரீல், தாடைக்குக் கீழே வழவழப்பான கல்லை வைத்து இழுக்கும் ரீல், வயிற்றைப் பிசைந்து 'நச்சு நீர் வெளியேறுது பாருங்க' என்று காட்டும் ரீல் என்று வரிசையாக வரும்.

அதே வார்த்தையை வேறொருவரும் தேடிக்கொண்டிருப்பார். அவருடைய அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். இப்போது இடது கை கனக்கிறது, வளையல் ஏறவில்லை, ரவிக்கைக் கை இறுக்குகிறது. 'வயசானா இப்படித்தான் இருக்கும், விடு' என்று முந்தானையை இழுத்து மூடிக்கொள்கிறார் அம்மா. புற்றுநோய் டாக்டரோ 'பிசியோதெரபில நிணநீர் மசாஜ் எடுத்துக்கோங்க' என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இருவர் தேடுவதும் ஒரே பெயரைத்தான். ஆனால் ஒருவருக்கு அது அழகு நிலையச் சமாச்சாரம், இன்னொருவருக்கு வாழ்நாள் முழுக்கத் தொடரப் போகும் சிகிச்சை. இந்த வித்தியாசம் புரியாமல் அப்பாயின்ட்மென்ட் போட்டால் பணம் மட்டும் வீணாகாது. சில நேரம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

நிணநீர் என்றால் என்ன?

திருச்சிக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். புத்தூர் வழியாக ஓடும் உய்யகொண்டான் வாய்க்காலை எல்லோருக்கும் தெரியும். பேட்டவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, ஊருக்குள் புகுந்து, வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பாசன வாய்க்கால் அது. ஆனால் வயலுக்குத் தண்ணீர் வந்தால் மட்டும் போதாது. மிச்சத் தண்ணீர் வெளியேற வடிகாலும் வேண்டும். மழைக்காலத்தில் கோரையாறும் குடமுருட்டியும் அந்த வேலையைச் செய்கின்றன. வடிகால் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று திருச்சிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

உடம்பிலும் இதே கதைதான். ரத்தக் குழாய்கள் பாசன வாய்க்கால்கள். அவற்றிலிருந்து கசியும் நீரில் ஒரு பகுதி மறுபடி ரத்தத்துக்குத் திரும்பாமல் திசுக்களில் தங்கும். புரதம், கிருமி, இறந்த செல்களின் மிச்சம் எல்லாம் அதோடு கலந்திருக்கும். அதை அள்ளிக்கொண்டு போகும் வடிகால்கள்தான் நிணநீர்க் குழாய்கள். ஒரு நாளைக்குச் சுமார் 2 முதல் 3 லிட்டர் நிணநீர் இப்படி ஓடி, கழுத்தெலும்புக்குப் பின்னால் உள்ள பெரிய ரத்த நாளங்களில் போய்ச் சேர்கிறது. வழியில் அக்குள், கழுத்து, தொடை இடுக்கு, வயிறு என 500-க்கும் மேற்பட்ட நிணநீர் முடிச்சுகள் வடிகட்டிகள் போல இருக்கின்றன. தொண்டையில் புண் வந்தால் கழுத்தில் 'நெறி கட்டுது' என்கிறோமே, அது இந்த முடிச்சுதான்.

ரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படி ஒரு பம்ப் கிடையாது. குழாய்ச் சுவர் தானே மெல்லச் சுருங்கி விரிவது, நாம் நடப்பது, தசை அசைவது, ஆழமாக மூச்சு விடுவது, இவைதான் அதை நகர்த்துகின்றன. பல குழாய்கள் தோலுக்கு அடியிலேயே ஓடுவதால், தோலை மெதுவாக இழுத்து விட்டாலே நிணநீர் நகரும். நிணநீர் மசாஜின் அடிப்படை இவ்வளவுதான்.

யாருக்கு இது உண்மையிலேயே தேவை?

நம் பக்கத்தில் இந்த சிகிச்சை அதிகம் தேவைப்படுவது இரண்டு வகை ஆட்களுக்கு.

முதலாவது, புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்கள். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்யும்போது அக்குளில் உள்ள முடிச்சுகளையும் எடுப்பதுண்டு. கதிர்வீச்சு சிகிச்சையும் அந்த இடத்து வடிகாலைப் பாதிக்கும். 2013-ல் 'லான்செட் ஆன்காலஜி' இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பின்படி, அக்குள் முடிச்சுகளை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீக்கம் வந்திருக்கிறது. முதல் முடிச்சை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களில் அது சுமார் 6 சதவீதம்தான். ஆபரேஷன் முடிந்த உடனே வீக்கம் வர வேண்டும் என்பதில்லை. மாதங்கள் கழித்தும் வரும், வருஷங்கள் கழித்தும் வரும். கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு இதே காரணத்தால் கால் வீங்கலாம்.

இரண்டாவது, யானைக்கால் நோயாளிகள். கியூலெக்ஸ் கொசு வழியாக உடம்புக்குள் போகும் ஃபைலேரியா புழு, நிணநீர்க் குழாய்க்குள்ளேயே 6 முதல் 8 வருஷம் குடியிருந்து அதைச் சிதைத்துவிடும். மாத்திரை புழுவைக் கட்டுப்படுத்தும். ஆனால் ஏற்கெனவே சிதைந்த வடிகாலைச் சரிசெய்யாது. 2027-க்குள் இந்த நோயை ஒழிக்க இந்தியா இலக்கு வைத்திருக்கிறது. புதிதாகப் பரவுவது நின்றாலும், பழைய நோயாளிகளின் கால் வீக்கத்துக்குப் பராமரிப்பு தொடர்ந்து வேண்டும்.

பிறவியிலேயே வடிகால் பலவீனமாக அமைந்தவர்களும் உண்டு. கொழுப்பு நீக்கும் ஆபரேஷன் செய்தவர்களுக்குச் சில டாக்டர்கள் இதைப் பரிந்துரைப்பதும் உண்டு. அதை எப்போது தொடங்குவது என்று ஆபரேஷன் செய்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

எங்கிருந்து வந்தது இந்த முறை?

டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவி எஸ்ட்ரிடும் 1930-களில் பிரான்ஸில் இருந்தபோது உருவாக்கிய கைமுறை இது. 1936-ல் பாரிஸில் அறிமுகமானது. பிறகு ஜெர்மனியில் டாக்டர் மிகாயில் ஃபோல்டியும் எதெல்கா ஃபோல்டியும் இதோடு பேண்டேஜ், உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு மூன்றையும் இணைத்து முழு சிகிச்சையாக்கினார்கள். இன்று நிணநீர் வீக்கத்துக்கு உலகம் முழுக்கப் பின்பற்றப்படுவது இந்த நான்கும் சேர்ந்த முறைதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: மசாஜ் நான்கில் ஒரு பங்கு மட்டுமே. மார்பகப் புற்றுநோய்க்குப் பின் வரும் கை வீக்கம் பற்றிய ஆய்வுகளை 2015-ல் தொகுத்துப் பார்த்த 'காக்ரேன்' குழுவும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. மசாஜ் பாதுகாப்பானது, பேண்டேஜோடு சேரும்போது கூடுதலாகக் கொஞ்சம் பலன் தரலாம், அதுவும் ஆரம்பநிலை வீக்கத்தில். 'வெறும் மசாஜ், கட்டெல்லாம் வேண்டாம்' என்று யாராவது சொன்னால், வீக்கம் சில மணி நேரத்தில் பழையபடி வந்து நிற்க வாய்ப்பு அதிகம்.

முதல் வேலை: இது என்ன வீக்கம்?

அப்பாயின்ட்மென்ட் போடும் முன் ஒரு டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். இதில் சமரசமே கிடையாது. கால் வீக்கத்துக்குக் காரணம் இதயமாக இருக்கலாம், சிறுநீரகமாக இருக்கலாம், கல்லீரல், தைராய்டு, ரத்தசோகை என்று எதுவாகவும் இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்குப் பரவலாகத் தரப்படும் அம்லோடிபின் மாத்திரையாலும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அந்த வீக்கத்துக்கு மசாஜ் தேவையில்லை, மருந்தை மாற்றுவது பற்றி டாக்டரிடம் பேசினால் போதும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

கீழே உள்ள நிலைகளில் மசாஜுக்குப் போகக் கூடாது:

- ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைச் சதையில் வலி இருந்தால். ஆழமான ரத்த நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம். அதைத் தேய்த்தால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். டாப்ளர் ஸ்கேன் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவு.
- வீங்கிய இடம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் இருந்தால். அது கிருமித் தொற்று. முதலில் ஆன்டிபயாட்டிக், தொற்று அடங்கிய பிறகுதான் மசாஜ்.
- இதயச் செயலிழப்பு கட்டுக்குள் இல்லாதவர்கள், சிறுநீரகம் செயலிழந்தவர்கள். தேங்கிய நீரை மொத்தமாக ரத்தத்துக்குள் தள்ளினால் இதயம் தாங்காமல் போகலாம்.
- புற்றுநோய் சிகிச்சை இப்போது நடந்துகொண்டிருப்பவர்கள், சிகிச்சை முடிந்த பிறகு புதிதாகக் கட்டியோ வலியோ வந்தவர்கள். புற்றுநோய் டாக்டர் சம்மதம் இல்லாமல் எதுவும் வேண்டாம்.
- கர்ப்பிணிகளுக்குத் திடீரென்று முகமும் கையும் வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ இருந்தால். ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்கள், கழுத்து ரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவர்கள், சமீபத்தில் வயிற்றில் ஆபரேஷன் செய்தவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்குக் கழுத்து அல்லது வயிற்றுப் பகுதியைத் தவிர்த்துவிடுவார்கள். அதனால் தெரபிஸ்ட் கேட்காவிட்டாலும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

திருச்சியில் எங்கே ஆரம்பிப்பது?

புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. சுற்று மாவட்டங்களிலிருந்தும் 'பெரியாஸ்பத்திரி' என்று தேடி வருவது இங்கேதான். எந்தத் துறையைப் பார்ப்பது என்று தெரியாதவர்கள் காலையிலேயே வந்து புறநோயாளிச் சீட்டு போட்டு, பொது மருத்துவத்திலோ அறுவைசிகிச்சைப் பிரிவிலோ காட்டினால், வீக்கத்தின் காரணத்தை முதலில் கண்டுபிடிப்பார்கள். புற்றுநோய் சிகிச்சை வேறெங்கோ நடந்திருந்தால், அந்த மருத்துவமனையிலேயே பிசியோதெரபிக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்பது இன்னும் சுலபம். புத்தூர் நால்ரோட்டிலிருந்து தில்லைநகர் வரை கிளினிக்குகளுக்கும் குறைவில்லை. ஆனால் போர்டில் 'லிம்ஃபாட்டிக்' என்று இருப்பது மட்டும் தகுதி ஆகாது.

போனில் அப்பாயின்ட்மென்ட் கேட்கும்போதே இந்தக் கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்:

- மசாஜ் செய்யப் போகிறவர் பிசியோதெரபி பட்டம் பெற்றவரா? நிணநீர் வீக்க சிகிச்சைக்கு என்று தனிப் பயிற்சி எடுத்திருக்கிறாரா?
- மசாஜோடு பேண்டேஜும் கட்டுவீர்களா? அளவு எடுத்துக் கம்ப்ரஷன் ஸ்லீவ் பரிந்துரைப்பீர்களா?
- பெண் நோயாளிக்குப் பெண் தெரபிஸ்ட் இருக்கிறாரா? தனி அறை உண்டா?
- டாக்டர் ரிப்போர்ட் கேட்பீர்களா?

கடைசிக் கேள்விக்கு 'அதெல்லாம் தேவையில்லைங்க, நேரா வாங்க' என்று பதில் வந்தால், அந்த இடம் வேண்டாம். உங்கள் நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பாதவரிடம் உடம்பைக் கொடுக்கக் கூடாது.

'ஊரில் வர்மம், உழிச்சல் எல்லாம் செய்யுறாங்களே, அது போதாதா?' என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். அழுத்திப் பிழியும் எந்த மசாஜும் நிணநீர் வீக்கத்துக்கு ஆகாது. தோலுக்கு அடியில் உள்ள மெல்லிய குழாய்கள் அந்த அழுத்தத்தைத் தாங்காது. அதற்காகப் பாரம்பரிய முறைகளே கூடாது என்று அர்த்தமில்லை. கேரளத்தில் காசர்கோட்டில் உள்ள 'இன்ஸ்டிடியூட் ஆஃப் அப்ளைடு டெர்மடாலஜி', ஆயுர்வேதம், யோகாவோடு தோல் பராமரிப்பையும் பேண்டேஜையும் இணைத்து யானைக்கால் வீக்கத்துக்குச் சிகிச்சை தந்து, முடிவுகளை மருத்துவ இதழ்களில் வெளியிட்டு வருகிறது. யார், எந்த நோய்க்கு, எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

முந்தின நாள் என்ன செய்ய வேண்டும்?

முதலில் பேப்பர்களைத் தேடி எடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, எந்தப் பக்கம் ஆபரேஷன், எத்தனை நிணநீர் முடிச்சுகள் எடுத்தார்கள், கதிர்வீச்சு எப்போது முடிந்தது, ஸ்கேன் எடுத்திருந்தால் அதன் ரிப்போர்ட், தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர். எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போடுங்கள், போனிலும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, வீக்கத்தை நீங்களே இரண்டு மூன்று நாள் கவனித்து எழுதுங்கள். காலையில் எழுந்ததும் எப்படி இருக்கிறது, சாயங்காலம் எப்படி? விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? எப்போது ஆரம்பித்தது? ஒரே கோணத்தில் காலையும் மாலையும் ஒரு போட்டோ எடுத்தால் ரொம்ப உதவும். டாக்டரைப் பார்க்கும் நேரத்தில் வீக்கம் வடிந்திருந்தால்கூட ஆதாரம் கையில் இருக்கும்.

மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் முந்தின நாளே கழற்றப் பாருங்கள். வராவிட்டால் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், அப்போதும் வராவிட்டால் நகைக்கடையில் வெட்டி எடுப்பார்கள். 'தாலி, மெட்டியைக் கழட்டச் சொல்லாதே' என்று அம்மா பிடிவாதம் பிடிக்கலாம். தாலி பிரச்சினையில்லை, சற்று நகர்த்திக்கொண்டால் போதும். வீங்கிய காலில் இறுகிய மெட்டிதான் பிரச்சினை. அது தோலை அறுத்துப் புண்ணாக்கும்.

சிகிச்சைக்கு முந்தின ஓரிரு நாளில் அந்தக் கையிலோ காலிலோ வேக்சிங், ஷேவிங் வேண்டாம். சின்னக் கீறல் வழியாகக்கூடக் கிருமி நுழையும்.

அன்றைக்கு என்ன உடை, என்ன சாப்பாடு?

- தளர்வான பருத்தி உடை. கை வீக்கம் என்றால் முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை அல்லது அகலக் கை உள்ள சுடிதார். பேண்டேஜ் கட்டிய பிறகு கை பருமனாகிவிடும், இறுக்கமான ரவிக்கை ஏறாது.
- கால் வீக்கம் என்றால் பாவாடை, வேட்டி அல்லது அகலமான பேன்ட். கூடவே ஒரு சைஸ் பெரிய செருப்பு. பேண்டேஜோடு பழைய செருப்பு நுழையாது.
- ஒரு மணி நேரம் முன்பு லேசான சாப்பாடு. வெறும் வயிறும் வேண்டாம், மூக்குப் பிடிக்கச் சாப்பிடவும் வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் மாத்திரையைத் தவிர்க்கக் கூடாது, பையில் பிஸ்கட் இருக்கட்டும்.
- தண்ணீர் வழக்கம்போல. இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு டாக்டர் சொன்ன அளவு மட்டும்.
- குளித்துவிட்டுச் சுத்தமான தோலோடு போங்கள். எண்ணெய், லோஷன், பவுடர் அன்று காலை வேண்டாம். வழுக்கினால் தோலை இழுத்து விட முடியாது.
- பைக்கில் தனியாகப் போகாதீர்கள். கட்டுப் போட்ட கையால் ஆக்ஸிலரேட்டரை முறுக்க முடியாது. ஆட்டோவில் போங்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். அந்தத் துணைக்கு வேறொரு வேலையும் இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறோம்.

உள்ளே என்ன நடக்கும்?

முதல் நாள் படுத்த உடனே மசாஜ் ஆரம்பிக்காது. முதலில் பேச்சு, பிறகு அளவு. இன்ச் டேப்பை வைத்துக் குறிப்பிட்ட இடைவெளிகளில் இரண்டு கை அல்லது இரண்டு காலின் சுற்றளவையும் எடுப்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் 2 செ.மீ. அல்லது அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதை நிணநீர் வீக்கத்தின் அடையாளமாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது கால்விரல் அடியில் தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்ப்பார்கள். தூக்க முடியாவிட்டால் நிணநீர் வீக்கம் என்ற சந்தேகம் வலுக்கும். இந்த அளவுகளை நீங்களும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சை பலன் தருகிறதா என்று பின்னால் தெரிந்துகொள்ள இதுதான் கணக்கு.

மசாஜ் கழுத்திலிருந்து ஆரம்பிக்கும். 'கைதானே வீங்கியிருக்கு, கழுத்துல என்ன பண்றாங்க?' என்று தோன்றும். தெருவில் தேங்கிய தண்ணீரை வெளியேற்றும்போது, அது போய் விழும் வாய்க்காலில் உள்ள அடைப்பைத்தானே முதலில் எடுக்கிறோம்? அதே கணக்குதான். கழுத்து, ஆழமான மூச்சு, பிறகு நன்றாக வேலை செய்யும் மறுபக்க அக்குள், மார்பு, முதுகு. அதற்குப் பிறகுதான் வீங்கிய கையின் மேல்பகுதி, கடைசியாக முழங்கை, மணிக்கட்டு, விரல்கள். வழியை முதலில் திறந்து, பிறகு நீரை அனுப்புகிறார்கள். மார்பையும் முதுகையும் தொட வேண்டியிருப்பதால் மேலாடையைக் கழற்றச் சொல்வார்கள். வேலை செய்யாத பகுதியைத் துணியால் மூடியே வைத்திருக்க வேண்டும். கூச்சமாக இருந்தால் சொல்லலாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தவும் சொல்லலாம்.

அழுத்தம்? நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தடவும் அளவுதான் இருக்கும். தோல் மட்டும் மெதுவாக நகரும், சதை அழுந்தாது. 'இதுக்கா இவ்வளவு காசு? சும்மா தடவுறாங்க' என்று முணுமுணுக்காதீர்கள். மெதுவாகத் தடவுவதுதான் சரியான முறை. வலித்தால், தோல் சிவந்தால், நீலம் பூத்தால் அதுதான் தப்பு. உடனே சொல்லுங்கள்.

மசாஜ் முடிந்ததும் பேண்டேஜ். பருத்தி உறை, மெத்தென்ற பஞ்சுச் சுற்று, அதற்கு மேல் அதிகம் நீளாத தனி வகைப் பேண்டேஜ் என்று பல அடுக்கு. விரல் பக்கம் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் இருக்கும். கடையில் கிடைக்கும் சாதாரண கிரேப் பேண்டேஜ் இதற்குச் சரிப்படாது. திருச்சி வெயிலில் இது சுகமாக இருக்கும் என்று பொய் சொல்ல முடியாது. அரிக்கும், வியர்க்கும். ஆனால் விரல் நுனி நீலமானாலோ, மரத்துப்போனாலோ, வலி கூடினாலோ பொறுத்துக்கொள்ளக் கூடாது. உடனே அவிழ்க்க வேண்டும்.

துணைக்கு வந்தவரின் வேலை இங்கேதான். பேண்டேஜை எப்படிச் சுற்றுகிறார்கள், வீட்டில் செய்ய வேண்டிய எளிய மசாஜ் எப்படி என்று பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். தெரபிஸ்ட் அனுமதித்தால் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கையால் தனக்குத்தானே கட்டுப் போட்டுக்கொள்வது கஷ்டம், மகனோ மகளோ கற்றுக்கொண்டால் பாதி பாரம் குறையும்.

முடிந்த பிறகு?

சிலருக்குக் களைப்பாக இருக்கும், சிலருக்கு அடிக்கடி சிறுநீர் வரும், சிலருக்கு எந்த மாற்றமும் தெரியாது. மூன்றும் சகஜம். அன்று ஜிம், வெந்நீர்க் குளியல், நீண்ட பயணம் வேண்டாம். மெதுவாக நடப்பது நல்லது.

ஒரே தடவையில் கை பழையபடி ஆகாது. முதல் கட்டம் பொதுவாக வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் இரண்டு முதல் நான்கு வாரம் நடக்கும். வீக்கம் குறைந்ததும் அளவெடுத்துக் கம்ப்ரஷன் ஸ்லீவ் அல்லது ஸ்டாக்கிங் தருவார்கள். அதன் பிடி தளர்ந்துவிடும் என்பதால் சுமார் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஆகவே முதல் நாளே மொத்தச் செலவையும் கேட்டுவிடுங்கள்: ஒரு அமர்வுக்கு எவ்வளவு, எத்தனை அமர்வு, பேண்டேஜும் ஸ்லீவும் தனியா? பாதியில் விட்டால் குறைந்த வீக்கம் திரும்பி வரும். தினமும் வர முடியாதவர்கள் அதை முதலிலேயே சொன்னால், வீட்டுப் பயிற்சியைக் கூட்டித் திட்டம் போடுவார்கள்.

படுத்த படுக்கையாக உள்ளவர்கள் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி கிடைக்குமா என்று பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய இந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரண சிகிச்சையும் உண்டு. யானைக்கால் நோயாளிகளுக்குக் காலைக் கழுவிப் பராமரிக்கத் தேவையான பொருட்கள் அரசு சுகாதாரத் துறை வழியாகத் தரப்படுகின்றன. அதையும் அங்கேயே விசாரிக்கலாம்.

எடை குறையுமா? முகம் ஒட்டுமா?

இல்லை. நிணநீர் மசாஜ் கொழுப்பைக் கரைக்காது. ஆரோக்கியமான ஒருவருக்கு முகத்தின் லேசான உப்பல் சில மணி நேரம் குறைந்த மாதிரி தெரியலாம், அவ்வளவுதான். 'டீடாக்ஸ்' என்ற வேலையை உங்கள் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் சம்பளம் வாங்காமல் செய்கின்றன. ராத்திரி ஷிஃப்ட், உப்பு அதிகமான பார்சல் சாப்பாடு, எட்டு மணி நேரம் அசையாமல் உட்காருவது, இவற்றால் வரும் உப்பலுக்கு மணிக்கு ஒரு தடவை எழுந்து நடப்பது இதைவிட நல்ல வைத்தியம், காசும் மிச்சம். உடம்பு லேசாக இருக்கட்டும் என்று சுகத்துக்காகப் போவதில் தப்பில்லை. ஆனால் மேலே சொன்ன ஆபத்துப் பட்டியலில் நீங்கள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு போங்கள்.

'கனமே தூக்கக் கூடாது' என்பது சரியா?

ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையால் ஒரு சொம்புகூடத் தூக்கக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்வார்கள். 2009-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொன்னது. மார்பகப் புற்றுநோய்க்குப் பின் கை வீக்கம் உள்ள பெண்கள், மேற்பார்வையில் மெல்ல மெல்ல எடை தூக்கும் பயிற்சி செய்தபோது வீக்கம் கூடவில்லை, கையின் பலம் கூடியது. திடீரென்று சிலிண்டரைத் தூக்கச் சொல்லவில்லை. ஆனால் பயந்து கையை முடக்கி வைப்பதும் தீர்வு இல்லை. எவ்வளவு தூக்கலாம் என்று முதல் அப்பாயின்ட்மென்ட்டிலேயே கேளுங்கள்.

மசாஜைவிட முக்கியம் தோல். நிணநீர் தேங்கிய கையில் கிருமித் தொற்று சுலபமாக வரும், ஒவ்வொரு தொற்றும் வடிகாலை இன்னும் கெடுக்கும். அடுப்படியில் எண்ணெய் தெறிக்காமல் பார்த்துக்கொள்வது, பாத்திரம் தேய்க்கும்போது கையுறை, கொசு கடிக்காமல் வலை, கால் விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைப்பது, நகம் வெட்டும்போது சதை வெட்டுப்படாமல் பார்ப்பது. பைசா செலவில்லாத வேலைகள், பலன் பெரிது.

இன்றைக்கே வீட்டில் ஒன்று செய்யலாம். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகியிருந்தால் ஓர் இன்ச் டேப்பை எடுங்கள். மணிக்கட்டு, மணிக்கட்டுக்கு மேல் 10 செ.மீ., முழங்கைக்கு மேல் 10 செ.மீ. என மூன்று இடத்தில் இரண்டு கையையும் அளந்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். மாதம் ஒரு முறை, அதே நேரத்தில், அதே இடத்தில். வித்தியாசம் 2 செ.மீ.யைத் தொட்டால் காத்திருக்க வேண்டாம். அதற்கு முன்பே கை கனப்பதாக அவர் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம். குழி விழும் நிலையிலேயே பிடித்துவிட்டால் இந்த வீக்கம் நன்றாகக் குறையும். தோல் தடித்து இறுகிய பிறகு போனால் அதே சிகிச்சைக்கு நாளும் அதிகம், பலனும் குறைவு.